வலது பக்கத்துத் தமனி

கார்த்திகை மாதம், வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. மழை விட்டு வெளியே வெயில் வந்திருந்தது. நாங்கள் இருந்த அறையில் அது தெரியாது. ஆஞ்சியோகிராம் செய்கிற அறைக்குச் சன்னல் வைப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மைதீன் பிச்சை. என் மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்லுவேன்: எப்போது, எங்கே, எந்தப் பக்கம் என்று முதலில் சொல்லுங்கள், என்ன என்பது பிறகு.

அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். அழைப்பிதழைப் பார்த்தேன். என் பெயரை ஏற்கெனவே அச்சிட்டுவிட்டீர்கள். கேட்காமல் அச்சிட்டதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கல்லூரி அலுவலகத்தில் இருப்பவர் நீங்கள், சொன்னதைச் செய்திருக்கிறீர்கள். பழைய மாணவர் சங்கம் டாக்டர் ஜெபசிங்குக்குப் பாராட்டு விழா எடுக்கிறது. நல்லது. பொன்னாடையை நான்தான் போர்த்த வேண்டும் என்று அவரே கேட்டிருக்கிறார். நான் வராவிட்டால் விழாவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். அப்படித்தானே? என்னிடம் நேரில் வந்து கேட்க அவருக்கு வாய் வரவில்லை. உங்களை அனுப்பிவிட்டார்.

முடியாது என்று ஒரே சொல்லில் உங்களைத் திருப்பி அனுப்பலாம். நீங்கள் போய், "அம்மாவுக்குக் கோபம்" என்பீர்கள். எனக்குக் கோபம் இல்லை. காரணம் இருக்கிறது. காரணத்தை முழுமையாகக் கேட்டுக்கொண்டு போய் முழுமையாகச் சொல்லுங்கள். நான் பேசுவது பாடம் நடத்துவதுபோல இருக்கும். நெடுங்காலம் உடற்கூறு கற்பித்த வாய். இனி வேறு மாதிரிப் பேசப் பழகாது.

நீங்கள் மருத்துவர் அல்லர். ஆகவே அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

நுரையீரலுக்கு இரத்தம் இரண்டு வழியாகப் போகிறது. ஒரு வழி எல்லோருக்கும் தெரியும்: உடம்பைச் சுற்றிக் கறுத்து வந்த இரத்தம், இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கப் போகிறது. பெரிய குழாய், அழுத்தம் குறைவு. இரண்டாவது வழியை யாரும் நினைப்பதில்லை. ஊருக்கெல்லாம் சோறு போடுகிற சத்திரத்தில் சமைக்கிறவர்களுக்கும் பசிக்கும் அல்லவா? நுரையீரலின் சொந்தச் சதைக்கும் மூச்சுக்கிளைகளின் சுவருக்கும் உணவு வேண்டும். அதைக் கொண்டுபோவது பிராங்கியல் தமனி. முதுகெலும்பை ஒட்டி மார்புக்குள் இறங்குகிற பெருந்தமனியிலிருந்து அது பிரிகிறது. ஈர்க்குச்சி அளவுதான். இதயம் தள்ளுகிற இரத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு அதற்கு வந்தால் அதிகம். இடது பக்கம் பெரும்பாலும் இரண்டு. வலது பக்கம் பெரும்பாலும் ஒன்று. அந்த வலது பக்கத்து ஒன்றும் தனியாக வருவதில்லை. விலா எலும்புகளுக்கு இடையே ஓடுகிற ஒரு தமனியோடு சேர்ந்து ஒரே தண்டிலிருந்து கிளம்பும். பெரும்பாலும் என்கிறேன், கவனியுங்கள். பெரும்பாலும் என்ற சொல்லை விட்டுவிட்டு உடற்கூறு பேசுகிறவர் உடற்கூறு படிக்காதவர்.

அது புறப்படும் இடம் மார்பு முள்ளெலும்புகளில் ஐந்தாவது, ஆறாவது மட்டம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் தம்பி. சங்கரபாகம் என்று பெயர். ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தாய் தந்தை இருவரும் சீக்கிரமே போய்விட்டார்கள். அவனுக்கு எல்லாம் நான்தான். பத்தொன்பது வயதில் அவனுக்குக் காசநோய் வந்தது. நான் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை முழுவதும் அவனுக்கு ஊசி போட்டது என் கை. இந்தக் கை. நோய் போயிற்று, வேலை கிடைத்தது, வடிவு என்கிற பெண்ணைக் கட்டிவைத்தேன், நன்றாக இருந்தான். வலது நுரையீரலின் மேல்மடலில் ஒரு குழி மட்டும் தங்கிவிட்டது.

குழி சும்மா இருக்காது. ஆறாத இடத்துக்கு இரத்தம் வேண்டும். நான் சொன்ன அந்தச் சிறிய தமனி ஆண்டுக்கணக்கில் பருத்து, சுருண்டு, சுவர் மெலிந்துபோகும். ஈர்க்குச்சியாக இருந்தது பென்சில் ஆகும். அது பெருந்தமனியிலிருந்து நேரே வருவது, அழுத்தம் மிகுதி. ஒரு நாள் உடையும். இருமலில் இரத்தம் கொட்டுவது பெரும்பாலும் அந்தத் தமனியிலிருந்துதான். மக்கள் நினைப்பதுபோல இரத்தம் போனதால் ஆள் சாவதில்லை. மூச்சுக்குழலில் இரத்தம் நிறைந்து, காற்று புக இடமில்லாமல் சாகிறான். தண்ணீரில் மூழ்குவதைப் போல, தரையில் இருந்துகொண்டே.

அன்று காலை சங்கரபாகம் வாஷ்பேசின் முன் நின்று வடிவிடம், "சிவப்புக்கொடி காட்டியாச்சு, வண்டிய நிறுத்தணும்" என்றானாம். அவனுக்கு எதுவும் விளையாட்டு. வடிவு எனக்குத் தொலைபேசியில் அழுதாள். ரயில்வே ஆஸ்பத்திரி மதுரையில் இருக்கிறது; அத்தனை தூரம் அவன் தாங்க மாட்டான். இங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே இந்தத் தமனியை அடைத்து இரத்தத்தை நிறுத்துகிறவர் யார் என்று கேட்டேன். டாக்டர் ஜெபசிங் என்றார்கள்.

என் மாணவர். நல்ல மாணவர் என்றும் சொல்லுவேன். பொய் சொல்லிப் பயன் இல்லை. முதலாண்டில் பிணம் அறுக்கும் கூடத்திலிருந்து கடைசியாக வெளியே போவது அவராகத்தான் இருக்கும். கையும் நிதானமான கை. ஒரே குறை: எலும்பில் கவனம் போதாது. சதை, குழாய், நரம்பு எல்லாம் பார்ப்பார். அது எந்த எலும்புக்கு நேரே இருக்கிறது என்று கேட்டால் யோசிப்பார். அன்றே சொன்னேன், "ஜெபசிங், எலும்பு தெரியாதவருக்கு விலாசம் தெரியாது." சிரித்தார்.

அவர் செய்கிற முறை இது. தொடையிடுக்கில் ஒரு துளை. அதன் வழியாக மெல்லிய குழாய் ஒன்றைப் பெருந்தமனிக்குள் ஏற்றி, மார்பு வரை கொண்டுபோய், அந்தத் தமனியின் வாயைத் தேடிப் பிடித்து, மணலைவிட நுண்ணிய துகள்களை உள்ளே விட்டு அடைத்துவிடுவார். இரத்தம் நிற்கும். நோயாளிக்கு மயக்கம்கூடக் கொடுப்பதில்லை, விழித்திருப்பான், பேசுவான். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா?

இப்போது நான் ஒரு ஜாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கல்லூரி மியூசியத்தில், வடக்குச் சுவர் அலமாரியில் இருக்கிறது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்; அலுவலகத்திலிருந்து யாரும் அங்கே வருவதில்லை. அதில் இருப்பது நான் அறுத்தெடுத்தது. வலது பக்கத்துத் தமனித் தண்டு. அதிலிருந்து நூல்போல ஒரு கிளை பின்னால் போய் முதுகெலும்புக்குள் நுழைகிறது. தண்டுவடத்துக்கு உணவு கொண்டுபோகிற கிளை. எல்லோருக்கும் அது அங்கிருந்து கிளம்புவதில்லை; சிலருக்கு உண்டு. உள்ள ஒருவரிடம் தெரியாமல் துகளை விட்டால், துகள் அந்த நூலுக்குள் போகும், தண்டுவடம் பட்டினி கிடக்கும், இடுப்புக்குக் கீழே ஒன்றும் இராது. கால் போய்விடும். சிறுநீர் போவதும் தெரியாது. நான் பணியாற்றிய காலமெல்லாம் ஒரே உடலில்தான் கண்டேன். ஆனால் கண்டேன். கண்டபின் இல்லை என்று நினைத்துக்கொள்ள என்னால் முடியாது.

ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களை அந்த ஜாடி முன் நிறுத்துவேன். ஜெபசிங்கையும் நிறுத்தியிருக்கிறேன்.

அன்று அவர் என்னைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க அனுமதித்தார். வேறு யாரையும் விடுவதில்லையாம். எனக்கு நாற்காலிகூடப் போட்டார். நான் உட்காரவில்லை. எனக்கும் அந்த அறைக்கும் நடுவே பேச ஒரு மைக் இருந்தது. சங்கரபாகம் மேசைமேல் பச்சைத் துணிக்கு அடியில் படுத்திருந்தான். தலைமுடி மட்டும் தெரிந்தது. நரைத்த முடி. எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது, அவனுக்கு அத்தனை நரைத்திருக்கிறது என்பது.

குழாய் ஏறியது. வலது தண்டைப் பிடித்தார். பிடிக்க நெடுநேரம் ஆகவில்லை. அதையும் சொல்கிறேன், நியாயமாக. படத்தில் தமனி தெரிவதற்கான மருந்தைச் செலுத்தினார். திரையில் தமனி கறுப்பாக மலர்ந்தது. பருத்து, முறுக்கிக்கொண்டு, குழியைச் சுற்றி வேர்ப்பின்னல்போல. அப்போதே நான் பார்த்துவிட்டேன். அவரும் பார்த்தார்.

"மேடம், தெரியுதா? தண்டுலேர்ந்து ஒரு கோடு மேல ஏறி, கொண்டை ஊசி மாதிரி திரும்பி இறங்குது."

"தெரிகிறது."

"தண்டுவடத்துக்குப் போறது. உங்க ஜாடியேதான் மேடம். நீங்க காட்டலேன்னா நான் இதப் பாத்திருக்கவே மாட்டேன்."

"இனி என்ன செய்வீர்கள்?"

"இன்னும் மெல்லிசான குழாய் ஒண்ணு இருக்கு. இதுக்குள்ள விட்டு, அந்தக் கிளையத் தாண்டிப் போயிரலாம். தாண்டி நின்னு அடைச்சா கிளைக்குள்ள போகாது."

அந்த மெல்லிய குழாயை உறையிலிருந்து பிரித்துத் தட்டில் வைத்தார்கள். தலைமுடிபோல இருந்தது.

"உறுதியாகச் சொல்கிறீர்களா?"

"நூத்துக்கு நூறுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க மேடம். நெறைய பண்ணிருக்கேன். இப்ப பண்ணாம விட்டா மறுபடி உடையும். அது நிச்சயம்."

இங்கேதான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கு நூறு இல்லை என்று ஒருவர் சொல்லும்போது, அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்து பார்க்க வேண்டியது நம் கடமை. நெறைய பண்ணியிருக்கேன் என்பது அளவு அல்ல. தினமும் கறிவெட்டுகிறவரும் நிறையத்தான் செய்கிறார். அளக்க எனக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. கேள்வி கேட்பது. மைக்கை அழுத்தினேன்.

"டாக்டர் ஜெபசிங், பிராங்கியல் தமனி எந்த முள்ளெலும்பு மட்டத்தில் புறப்படுகிறது?"

உள்ளே ஒருவர் மெல்லச் சிரித்தார். தொழில்நுட்பப் பையனாக இருக்க வேண்டும். ஜெபசிங் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்.

"இப்பவா மேடம்?"

"இப்போதுதான்."

"இடது மூச்சுக்கிளை பெருந்தமனியக் குறுக்க தாண்டுற இடம் மேடம். படத்துல தெரியுற அந்தக் காத்து நிழலுக்குக் கொஞ்சம் மேல, இல்ல கொஞ்சம் கீழ."

"நான் எலும்பைக் கேட்டேன்."

"திரையில நாங்க எலும்ப எண்ணுறதில்ல மேடம். எண்ணிட்டிருந்தா நேரம் போகும். அந்த நிழல்தான் எங்களுக்கு வழி. மேடம், கொஞ்சம் அவசரம்."

எண்ணுவதில்லையாம். என் தம்பியின் தண்டுவடத்துக்குப் பக்கத்தில், ஒரு நூல் இடைவெளியில் நின்றுகொண்டு, எண்ணுவதில்லை என்கிறார். ஐந்து, ஆறு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லி முடித்துவிட்டேன், பாருங்கள்.

"வெளியே எடுத்துவிடுங்கள்" என்றேன்.

அவர் அசையவில்லை. "மேடம், ஒரு பத்து நிமிஷம் குடுங்க."

"எடுத்துவிடுங்கள்."

அப்போது மேசைமேலிருந்து சங்கரபாகத்தின் குரல் வந்தது. "என்ன டாக்டர், அக்கா என்ன சொல்லுதா?" என்றான். ஜெபசிங் குனிந்து ஏதோ சொன்னார். இவன், "அவ சொன்னா அதுக்கு மேல என்ன இருக்கு" என்றான். வெளியே வடிவிடம் போய்க் கேட்டார்கள். அவளும், "மதினி சொல்லுததுதான்" என்றாள். வேண்டாம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்தாளா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் உடம்பைப் பற்றிய எதுவும் என் சொல் இல்லாமல் நடந்ததில்லை. மூத்தவளாக இருப்பது என்றால் அதுதான்.

குழாயை உருவிவிட்டார். பிரித்துவைத்த அந்த மெல்லிய குழாய் அப்படியே தட்டில் கிடந்தது.

மாலையில் வார்டுக்குப் போனேன். தொடையிடுக்கில் துளை போட்ட காலை மடக்கக் கூடாது என்று அவனை நேராகப் படுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"எல்லாம் காதுல விழுந்துச்சுக்கா. நான் இங்க கெடக்கேன், நீ அவனுக்குப் பரீட்சை வைக்க."

"தெரியாதவர் கையில் உன்னைக் கொடுக்க முடியாது, சங்கரா."

"பாஸ் போட்டுருக்கலாம்லா."

அவன் சும்மா சொன்னது. நான் அதற்குப் பதில் சொன்னேன்: என் பணிக்காலம் முழுவதும் இரக்கப்பட்டு ஒருவருக்கும் பாஸ் போட்டதில்லை என்றேன். உண்மை. அமைச்சரின் உறவுக்காரப் பெண்ணைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கருவுற்றிருந்த ஒரு மாணவியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவள் மறுமுறை நன்றாக எழுதினாள். அதனால்தான் என்னிடம் பாஸ் வாங்கியது என்றால் ஊரில் ஒரு மதிப்பு.

பிறகு அவனுக்கு எல்லாம் விளக்கினேன். படம் வரைந்தே காட்டினேன். தண்டுவடம், அந்த நூல், அடைபட்டால் என்ன ஆகும், எல்லாம். ஒழுங்காகக் கேட்டான். கேட்டுவிட்டு என்ன சொன்னான் தெரியுமா?

"காலு போனா போவுதுக்கா. கார்டு வேலைதான் முடிஞ்சிட்டுல்லா. உக்காந்துகிட்டே இருப்பேன். மூச்சு முட்டிரக் கூடாது. இன்னைக்குக் காலைல முட்டுச்சு பாரு, அது வேண்டாம்."

வடிவு கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, "நான் பாத்துக்கிடுவேன் மதினி. தூக்கி எடுக்க எனக்கு உடம்புல தெம்பு இருக்கு" என்றாள்.

நோயாளி பயத்தில் பேசுவது முடிவு ஆகாது. உறவினர் அன்பில் பேசுவதும் முடிவு ஆகாது. இதையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கால் இல்லாத வாழ்வு என்ன என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், வார்டுகளில் பார்த்திருக்கிறேன். ஆகவே நானே முடிவு செய்தேன். என்னோடு படித்தவருடைய மகன் சென்னையில் இதே வேலை செய்கிறான். அவனிடம் தொலைபேசியில் பேசினேன். அதே கேள்வியைக் கேட்டேன். "ஐந்தாவது, ஆறாவது, ஆன்ட்டி" என்று உடனே சொன்னான். பளிச்சென்று. திங்கட்கிழமைக்கு ஏற்பாடு ஆயிற்று. அதுவரை மருந்தில் நிறுத்திவைக்கலாம் என்று நினைத்தேன். நினைப்பதில் தவறில்லை, சிலருக்கு நின்றிருக்கிறது.

மறுநாள் காலை ஜெபசிங் வார்டுக்கு வந்தார். சுற்றுக்கு வருகிற நேரம் அல்ல, தனியாக வந்தார். கதவருகே நின்றார். மாணவராக இருந்தபோது நிற்பாரே, அதைப்போலவே கையைக் கட்டிக்கொண்டு.

"அஞ்சு, ஆறு மேடம்" என்றார்.

நான் சங்கரபாகத்தின் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சாவது, ஆறாவது மார்பு முள்ளெலும்பு. மேடம், இன்னைக்கு மத்தியானம் அறை காலியா இருக்கு. சென்னை வரைக்கும் தாங்க மாட்டார். நான் வேணும்னா பக்கத்துல ஒருத்தர நிப்பாட்டி எலும்ப எண்ணச் சொல்லிட்டே பண்றேன்."

கேலி செய்தாரா என்று நான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். இல்லை. கெஞ்சினார். ஒரு மருத்துவர் கெஞ்சக் கூடாது. எனக்கு அது பிடிக்கவில்லை. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனவர் திரும்பி வந்து விடை சொன்னால் மதிப்பெண் உண்டா என்று கேட்டேன். "இல்ல மேடம்" என்றார். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு வடிவு கேட்டாள். "மதினி, அவருக்கு அது தெரியாதா?"

"தெரியும்."

"பெறகு என்ன?"

"கேட்டபோது சொல்லவில்லை."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பள்ளி இறுதி வரை படித்தவள். அவளுக்கு இதை விளங்கவைப்பது கடினம். நான் முயலவில்லை.

சனிக்கிழமை நண்பகல். சாப்பாட்டுத் தட்டு வந்திருந்தது. இரசம் சாதம். சங்கரபாகம் ஒரு வாய் எடுத்தான், இருமினான். முதல் இருமலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வடிவு பதறி அவனை நிமிர்த்தி உட்கார்த்தப் போனாள். நான் அவளை விலக்கிவிட்டு அவனை வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தேன். எந்தப் பக்கம் இரத்தம் கசிகிறதோ அந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும்; அப்போதுதான் மற்ற நுரையீரல் நிறையாமல் இருக்கும். அதுதான் சரியான முறை. புத்தகம் வேண்டாம், எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். சரியாகத்தான் செய்தேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். எத்தனை பலம் என்கிறீர்கள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்ல முடியாது, காற்று வேண்டும் அல்லவா சொல்ல? கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும் கண்ணை எடுக்கவில்லை. ஜெபசிங் படியில் ஓடிவந்த சத்தம் கேட்டது. தொண்டைக்குள் குழாய் போட்டார், உறிஞ்சினார், என்னென்னவோ செய்தார். என்னை ஒரு வார்த்தையும் கேட்காமல் செய்தார். அந்த வேகம் எனக்குப் பிடித்தது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் மூழ்கிப் போயிருந்தான்.

இனி என் காரணத்தைச் சொல்கிறேன். நீங்கள் இதை அவரிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

தன் கையில் நம்பிக்கை உள்ள ஒரு மருத்துவர், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற ஒரு கிழவி சொன்னதற்காகக் குழாயை உருவியிருக்க மாட்டார். பத்து நிமிடம் என்றாரே, அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டிருப்பார். நான் மைக்கை அழுத்திக்கொண்டே இருந்திருப்பேன்; அவர் காதில் வாங்காமல் செய்திருப்பார். அவர் எனக்குக் கீழ்ப்படிந்தார். அதுதான் அவருடைய குற்றம். என் வகுப்பில் நான் கற்றுக்கொடுத்தது துல்லியம், கீழ்ப்படிதல் அல்ல. அதை எங்கே கற்றார் என்று எனக்கு விளங்கவில்லை.

என்ன கேட்டீர்கள்? அப்படியானால் அவர் செய்திருக்கத்தான் வேண்டுமா என்றா?

நான் அதைச் சொல்லவில்லை. அது கேள்வி அல்ல, மைதீன் பிச்சை. அந்தக் கேள்வியை வைத்தால் அதற்கு விடை எழுத ஒருவரும் இல்லை. காப்பி ஆறுகிறது, குடியுங்கள். சர்க்கரை போதாது என்றால் சொல்லுங்கள். இங்கே என் ஒருத்திக்குத்தான் போடுகிறேன், அளவு தெரிவதில்லை.

அவர் இப்போது பேசப் போகிற இடங்களிலெல்லாம் அந்த ஜாடியின் படத்தைத் திரையில் காட்டுகிறாராம். என் பெயரையும் சொல்கிறாராம். என் ஆசிரியை காட்டியதால்தான் நான் இதைப் பார்க்கக் கற்றேன் என்கிறாராம். எத்தனையோ பேருடைய கால் தப்பியிருக்கிறதாம். யாரோ வந்து என்னிடம் சொன்னார்கள், நான் மகிழ்வேன் என்று. பொன்னாடை போர்த்த நான் வர மாட்டேன். அழைப்பிதழில் என் பெயரைப் பேனாவால் அடித்துவிடச் சொல்லுங்கள். மறுபடி அச்சிட்டுச் செலவு செய்ய வேண்டாம்.

வடிவு எப்படி இருக்கிறாள் என்று கேட்காதீர்கள். தெரியாது. சண்டை ஒன்றும் இல்லை. நான் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பாள், "நல்லா இருக்கேன் மதினி" என்பாள், வைத்துவிடுவாள். முதல் ஆண்டுத் திதிக்குப் போனேன். இலை போட்டாள், பக்கத்தில் நின்று பரிமாறினாள், எல்லாம் முறையாக. அவள் வீட்டு மொட்டை மாடியில் நாலு தூண் எழுப்பியபடியே நிற்கிறது, கம்பி நீட்டிக்கொண்டு. சங்கரபாகம் எனக்காக அங்கே ஓர் அறை எடுப்பதாக இருந்தான். தனியாகக் கிடக்காதே, வந்துவிடு என்பான். கிழக்கே சன்னல் வைக்கச் சொல்லியிருந்தேன்.

மருத்துவமனைக் கணக்கில் அந்த மெல்லிய குழாயும் இருந்தது. உறை பிரித்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் அதற்கு விலை உண்டு. ஜெபசிங் தன் கட்டணத்தை வாங்கவில்லை. குழாயையும் தன் பெயரில் எழுதச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று சொன்னவள் நான், ஆகவே அதற்கு நான்தான் கொடுக்க வேண்டும் என்று காசோலையோடு செவ்வாய்க்கிழமை போனேன். பணம் வாங்குகிற பெண் திரையைப் பார்த்துவிட்டு, பாக்கி ஒன்றும் இல்லை, மேடம் என்றாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு திங்கட்கிழமை, வங்கி திறந்த உடனே எடுத்துக்கொண்டு வந்து, மாடி அறைக்கென்று அவன் போட்டுவைத்திருந்த பணத்திலிருந்து வடிவு கட்டிவிட்டுப் போயிருந்தாள். டாக்டர் வாங்க மறுத்த கட்டணத்தையும், அந்தக் குழாயின் விலையையும் சேர்த்து.